போன தடம், திரும்பின தடம்

எங்கள் கொட்டாயிலிருந்து பால் சொசைட்டிக்கு முக்கால் கிலோமீட்டர் நடக்க வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில், அஞ்செட்டி ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற சின்ன ஊர், அதைத்தான் இந்தப் பக்கம் கொட்டாய் என்போம். பாதைக்கு ஒரு பக்கம் ராகிக் கொல்லை, இன்னொரு பக்கம் காப்புக்காடு. ஆறரைக்குள் பால் ஊற்றியாக வேண்டும், அதனால் மார்கழியிலும் இருட்டோடு கிளம்பிவிடுவோம். நான் தடம் பார்க்கக் கற்றுக்கொண்டது இந்தப் பாதையில்தான்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். அப்பா பால் கேனோடு முன்னால், நான் தூக்குப்போசியோடு பின்னால். பாதையைக் குறுக்கே கடந்து கொல்லைப் பக்கம் போயிருந்த யானைத் தடத்தைப் பார்த்ததும் அப்பா நின்றுவிட்டார். "அதான் போயிடுச்சே, நடக்கலாம்ப்பா" என்றேன். அவர் கேனைக் கீழே வைத்தார். டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு பாதையோரமாகவே முன்னும் பின்னும் கொஞ்ச தூரம் நடந்து பார்த்தார். "போன தடம் இருக்குது. திரும்பின தடம் எங்கம்மா?" என்றார். அதற்கு மேல் பேச்சே இல்லை, வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். அன்று பால் ஊற்றவில்லை. எட்டு மணிக்கு ஏரிக்கரை உண்ணிப் புதருக்குள்ளிருந்து ஒற்றை ஆண் யானை எழுந்து காட்டுக்குள் போனதை ஊரே பார்த்தது. நாங்கள் நடக்க இருந்த பாதைக்கும் அந்தப் புதருக்கும் கல்லெறி தூரம்தான்.

தேன்கனிக்கோட்டை, தளி, கெலமங்கலம் பக்கம் இப்போது வெளியூர்க்காரர்கள் நிறைய பேர் நிலம் வாங்கி வீடு கட்டுகிறார்கள். செல்போனில் ஒரு தடத்தைப் படம் பிடித்துக்கொண்டு வந்து, "அக்கா, இது என்ன மிருகம்?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் காட்டோரம் குடியிருக்கிறவர்களுக்கு அதோடு இன்னும் இரண்டு கேள்வி உண்டு. எப்போது போனது? எந்தப் பக்கம் போனது, திரும்பியதா? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் அந்தப் பாதையில் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்ப முடியாது. எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் வெளிச்சம், மண்

பொழுது விடிந்து ஒன்றரை மணி நேரம் வரை தடம் பார்க்க நல்ல நேரம். அப்புறம் சாயங்காலம். வெயில் சாய்வாக விழுந்தால்தான் தடத்தின் குழிக்குள் நிழல் நிற்கும். காலையில் பளிச்சென்று தெரிந்த தடம் உச்சி வெயிலில் இருக்கிற இடமே தெரியாது. தடம் உங்களுக்கும் சூரியனுக்கும் நடுவில் வரும்படி நின்று பாருங்கள். இருட்டில் டார்ச்சை மேலிருந்து அடித்தால் ஒன்றும் தெரியாது. முழங்காலுக்குக் கீழே பிடித்து, தரையைத் தடவுகிற மாதிரி அடிக்க வேண்டும்.

எங்கள் செம்மண் புழுதி ரொம்ப நல்ல மண், முயல் கால்கூடப் பதியும். ஓடை மணலில் ஈரம் இருந்தால் பதியும், காய்ந்தால் சரிந்துவிடும். ஏரிச் சேற்றில் பதிந்தது ஒரு கோடை முழுக்க அப்படியே இறுகிக் கிடக்கும், அதைப் பார்த்துவிட்டுப் பயந்து ஓட வேண்டியதில்லை. சேற்றில் கால் அகன்று விழும் என்பதையும் நினைவில் வையுங்கள். சின்ன நாயின் கால்கூடப் பெரிதாகத் தெரியும். அளவு எடுத்தால் குழியின் அடியை அளக்க வேண்டும், மேல் விளிம்பை அளக்கக் கூடாது. ஒரே ஒரு தடத்தை வைத்து முடிவு சொல்லவும் கூடாது. அதே வரிசையில் ஐந்தாறு தடமாவது தேடிப் பார்த்த பிறகு பேசலாம்.

எத்தனை நேரத்துத் தடம் என்று எப்படித் தெரியும்? இதற்கு நான் எல்லோருக்கும் சொல்கிற பயிற்சி ஒன்று உண்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு உங்கள் வீட்டு வாசலுக்கு வெளியே வெறுங்காலைப் பதித்துவிட்டு வாருங்கள். காலை ஆறு மணிக்குப் போய்ப் பக்கத்தில் புதிதாக ஒன்று பதியுங்கள். இரண்டையும் உட்கார்ந்து பாருங்கள். பழையதன் விளிம்பு மழுங்கியிருக்கும், உள்ளே நாலு மண் துகள் உதிர்ந்திருக்கும், ராத்திரிப் பூச்சி ஒன்று ஊர்ந்த கோடு அதன் மேல் போயிருக்கும். பனி இறங்கின மண்ணில் மேல் புழுதி மெல்லிய ஏடு மாதிரி இறுகியிருக்கும். அந்த ஏடு தடத்துக்குள்ளும் இருந்தால் பனிக்கு முன்னால் போனது. ஏட்டை உடைத்துக்கொண்டு கால் இறங்கியிருந்தால் விடியற்காலையில் போனது. பத்து நாள் இதைச் செய்தால் உங்கள் ஊர் மண் உங்களுக்குப் பழகிவிடும். எந்தப் படமும் இதைக் கற்றுத்தராது.

மழை இன்னும் நல்ல கடிகாரம். நேற்று ராத்திரி மழை எத்தனை மணிக்கு நின்றது என்று தெரிந்தால் போதும். தடத்துக்குள் துளி விழுந்த புள்ளி இருந்தால் மழைக்கு முன், இல்லையென்றால் பின். தடத்துக்குள் குழியானைப் பூச்சி தன் புனல் குழியைத் தோண்டி உட்கார்ந்திருந்தால், அந்த மிருகம் போய் வெகுநேரம் ஆகிவிட்டது. சேற்றுத் தடத்துக்குள் இன்னும் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தால், அல்லது ஊறின தண்ணீர் கலங்கலாகவே இருந்தால், நீங்கள் அங்கே நின்றுகொண்டிருக்கவே கூடாது.

யானை

எங்கள் பக்கம் ஆடி, ஆவணியில் ராகி விதைப்போம். கதிர் பால் பிடிக்கிற ஐப்பசி, கார்த்திகையில் கர்நாடகத்துப் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் தளி, ஜவளகிரி வழியாக இறங்கும். அறுப்பு முடிந்து போர் போட்ட பிறகும் சில நாள் நிற்கும். இது வருடா வருடம் நடப்பது. காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014-லும், காவிரி தெற்கு 2022-லும் அறிவிக்கப்பட்டன. ஆனால் யானைக்கு எல்லைக் கல் தெரியாது, கதிர் வாசம்தான் தெரியும்.

முன்னங்கால் தடம் வட்டம். பின்னங்கால் கொஞ்சம் நீள்வட்டம், சின்னது. நடக்கும்போது பின்னங்கால் முன்னங்கால் தடத்தின் மேலேயோ ஒட்டியோ விழும், அதனால் வட்டமான தடம் தனியாகக் கிடைக்கிற இடமாகத் தேட வேண்டும். கிடைத்தால் ஆட்டுக் கயிறோ துண்டோ எடுத்து குழியின் அடி விளிம்பைச் சுற்றி அளந்து பாருங்கள். அந்தச் சுற்றளவைப் போல இரண்டு மடங்குதான் யானையின் தோள் உயரம். நாலரை அடி வந்தால் ஒன்பது அடி உயரம், பெரிய ஆண் யானை. மூன்றரை, நான்கு என்றால் பெண் யானையாகவோ இளம் ஆணாகவோ இருக்கும். அப்பா இதை முதல்முறை செய்துகாட்டியபோது நான் நம்பவில்லை. பிறகு ஏரிக்கு வருகிற யானைகளைப் பரணிலிருந்து பார்த்து, போன பிறகு தடத்தை அளந்து பார்த்தேன், ஒத்துப்போனது. பெரிய தடங்களுக்கு நடுவில் ரொம்பச் சின்னத் தடம் ஒன்று ஓடியிருந்தால் குட்டி இருக்கிற கூட்டம். அந்தப் பக்கமே தலை வைக்கக் கூடாது.

எந்தப் பக்கம் போனது என்று பார்ப்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள், வட்டத்துக்கு முன் எது பின் எது என்று. குனிந்து பாருங்கள். ஒரு விளிம்பில் மட்டும் பிறை பிறையாக நகக்குறி இருக்கும், அதுதான் முன்பக்கம். புழுதியில் நடந்தால் கால் தூக்கும்போது மண் முன்பக்கமாகச் சிதறும். புல்லில் நடந்தால் புல் போன திசையில் சாய்ந்து கிடக்கும். ராகித் தாளும் அப்படித்தான் சாயும், கொல்லைக்குள் தடம் தெரியாவிட்டாலும் தாள் சொல்லிவிடும். தடத்தின் உள்ளே பாத வெடிப்புகள் ரேகை மாதிரி பதிந்திருக்கும். இந்த ரேகை கூர்மையாகத் தெரிகிற வரை தடம் புதிது, காற்று முதலில் அழிப்பது இந்த ரேகையைத்தான்.

அடுத்தது லத்தி, அதாவது யானைச் சாணம். பளபளப்பாக ஈரம் மின்னினால், மேலே கை காட்டினால் சூடு அடித்தால், யானை பக்கத்தில்தான் இருக்கிறது. ஈ மொய்க்க ஆரம்பித்து, மேல்தோல் கறுத்து, உள்ளே ஈரம் என்றால் ராத்திரி போட்டது. சாண வண்டு உருட்டிச் சிதறடித்திருந்தால் இன்னும் பழசு. கறையான் மண் பூசியிருந்தால் பல நாள் ஆகிவிட்டது. ஆனால் நிழலில் கிடக்கிற லத்தி வெயிலில் கிடப்பதைவிட மெதுவாகக் காயும், அதைக் கணக்கில் எடுக்காமல் ஏமாந்தவர்கள் உண்டு. ஒரு குச்சியால் பிரித்துப் பாருங்கள். மூங்கில் நாரும் மரப்பட்டையும் மட்டும் இருந்தால் காட்டுத் தீனி. ராகி மணியும் தாளும் இருந்தால் அந்த யானை முந்தின நாளே எங்கேயோ ஒரு கொல்லையில் புகுந்துவிட்டது. யானை தின்றது வெளியே வர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். இந்தச் செய்தியைப் பக்கத்துக் கொட்டாய்க்காரர்களுக்கு உடனே சொல்லுங்கள், அன்றைக்கு ராத்திரி பரணில் ஆள் இருக்க வேண்டும்.

ஒடித்த கிளை வாடியிருக்கிறதா, மரத்தில் சேறு எந்த உயரத்தில் தேய்த்திருக்கிறது, தொட்டால் ஈரம் ஒட்டுகிறதா, இதெல்லாம் கூடவே பார்க்க வேண்டியது. மரத்தில் தேய்த்த சேறு உங்கள் தலைக்கு மேல் இரண்டடி உயரத்தில் ஈரமாக இருந்தால் தடத்தை அளக்கக் கயிறு தேவையில்லை.

சிறுத்தையா, நாயா

இதில்தான் எங்கள் ஊர்களில் அதிகம் சண்டை வருகிறது. யாரோ ஒருவர் தடத்தைப் பார்த்துவிட்டு "சிறுத்தை" என்றால் போதும், சாயங்காலத்துக்குள் நாலு ஊரில் கதவைச் சாத்திவிடுவார்கள். ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் நகம். நாய், நரி, செந்நாய், கழுதைப்புலி எல்லாவற்றுக்கும் விரலுக்கு முன்னால் நகம் குத்தின புள்ளி விழும். சிறுத்தையும் காட்டுப்பூனையும் நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடப்பதால் புள்ளி விழாது. வழுக்குகிற சேற்றில் மட்டும் பிடிமானத்துக்காக நகத்தை நீட்டும். ஆகவே நகத்தை மட்டும் பார்த்து நிறுத்தாமல் உள்ளங்கால் மெத்தையைப் பாருங்கள். சிறுத்தையின் மெத்தை பெரிது, பின்விளிம்பில் மூன்று மேடு இருக்கும். நாயின் மெத்தை சின்ன முக்கோணம். நாய்க்கு நடுவிரல் இரண்டும் சமமாக முன்னால் நிற்கும், நான்கு விரலுக்கும் மெத்தைக்கும் இடையில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிடலாம். சிறுத்தைக்கு ஒரு விரல் மட்டும் கொஞ்சம் முன்னால் தள்ளி நிற்கும், உங்கள் நடுவிரல் மாதிரி. அதை வைத்தே இடது காலா வலது காலா என்றும் சொல்லலாம். பெருக்கல் குறி போடப் பார்த்தால் மெத்தையில் இடிக்கும்.

தடத்தின் பக்கத்தில் தீப்பெட்டியை வையுங்கள். வளர்ந்த சிறுத்தையின் தடம் ஒன்றரைத் தீப்பெட்டி நீளத்துக்கு அகலம் இருக்கும். காட்டுப்பூனையுடையது தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். நடையையும் பாருங்கள். சிறுத்தை கோடு போட்ட மாதிரி நேராகப் போகும், பின்னங்கால் முன்னங்கால் தடத்தின் மேலேயே விழும். நாய் வழியில் இருக்கிற ஒவ்வொரு கல்லையும் மோந்துகொண்டு வளைந்து வளைந்து போகும். சிறுத்தையின் எச்சம் முறுக்கின கயிறு மாதிரி, முடி நிறைந்து, நுனி கூராகப் பாதையின் நடுவிலேயே கிடக்கும். நரி எச்சத்தில் இலந்தைக் கொட்டை தெரியும். இவற்றைக் கையால் தொடாதீர்கள், புழு முட்டை இருக்கும்.

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் கொட்டாயில் ஒரே ராத்திரி மூன்று ஆடு செத்துக் கிடந்தன. எல்லோரும் சிறுத்தை என்றார்கள். நான் ஆட்டின் கழுத்தைப் பார்த்தேன், தொண்டையில் பல் பதியவே இல்லை. பின்தொடையும் வயிறும் கண்டபடி கிழிந்திருந்தன. சிறுத்தை தொண்டையைக் கவ்வி மூச்சை நிறுத்தும், அங்கே கோரைப்பல் குத்தின ஓட்டைகள் இருக்கும், முடிந்தால் ஒரு ஆட்டை இழுத்துக்கொண்டு மறைவுக்குப் போகும். இங்கே இழுத்த கோடு இல்லை. பட்டியைச் சுற்றி நகம் குத்தின தடங்கள், நாலைந்து அளவில். தெரு நாய்கள்தான். கூண்டு வைக்கச் சொல்லிப் போராட இருந்த ஊர், பட்டிக்குக் கம்பி வலை அடித்தது. அதற்குப் பிறகு ஆடு சாகவில்லை.

இன்னொன்று. சிறுத்தையின் தடம் என்று உறுதியாகத் தெரிந்தாலும், "போன வாரம் வந்த அதே சிறுத்தை" என்று சொல்லாதீர்கள். ஒரு காலத்தில் நாடு முழுக்கப் புலிகளைத் தடத்தை வைத்துத்தான் எண்ணினார்கள். ஒரே புலியின் கால் மணலில் ஒரு மாதிரியும் சேற்றில் ஒரு மாதிரியும் விழுவதால் அந்தக் கணக்கு நிற்கவில்லை. 2006 முதல் தானியங்கிக் கேமரா வைத்து, உடம்பு வரியைப் பார்த்து எண்ணுகிறார்கள்.

கரடி, குளம்புகள், மற்றவை

கரடியை ஒரு தடவை பார்த்தால் மறக்க மாட்டீர்கள். ஐந்து விரலும் கிட்டத்தட்ட ஒரே வரிசையில், அதற்கு முன்னால் தள்ளி நீள நகக்குறி. பின்னங்கால் தடம் அகலமான மனிதக் கால் மாதிரி இருக்கும், இருட்டில் "யாரோ வெறுங்காலோடு போயிருக்கிறார்கள்" என்று நினைத்துவிடுவோம். பக்கத்தில் கறையான் புற்று குடைந்து மண் புதிதாகச் சிதறியிருந்தால் உறுதி. யானை கூட்டமாக வந்தால் தூரத்திலேயே கிளை ஒடிகிற சத்தம் கேட்கும். கரடி தலையைக் குனிந்து தோண்டிக்கொண்டிருக்கும், நீங்கள் வருவது அதற்கும் தெரியாது, அது இருப்பது உங்களுக்கும் தெரியாது. பெட்டமுகிலாளம் மலைப்பக்கம் நடப்பவர்கள் ஈரமான புற்று மண்ணைக் கண்டால் சத்தமாகப் பேசிக்கொண்டே திரும்பி வந்துவிடுங்கள்.

குளம்புத் தடத்தில் காட்டுப்பன்றியைத் தெரிந்துகொள்வது விவசாயிக்கு முக்கியம். குளம்பின் நுனி மழுங்கி, பின்னால் இரண்டு பக்கமும் சிறு குளம்பின் குறி விழும், நிலத்தை மூக்கால் உழுதிருக்கும். புள்ளிமான் தடம் கூராக, தீப்பெட்டி நீளம். கடமான் அதைவிட ஒன்றரை மடங்கு. காட்டுமாட்டின் தடத்தை மேய்ச்சல் மாட்டின் தடம் என்று நினைக்க வாய்ப்பு உண்டு, பெரிதாக ஆழமாக இருந்து, கூட மனிதக் காலடி எதுவும் இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். நாற்கொம்பு மான் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை போடும், புதர்க் காட்டில் அப்படிக் குவியல் கண்டால் அந்த இடத்தைத் தொந்தரவு செய்யாமல் விலகிப் போங்கள். ரொம்பக் கூச்ச சுபாவம் உள்ள மான் அது.

முள்ளம்பன்றி முள்ளைப் போட்டுவிட்டுப் போகும். மரநாய் பாறை மேல் பழக்கொட்டை நிறைந்த எச்சம் போடும். ஒகேனக்கல் பக்கம் காவிரிக் கரைப் பாறைகளில் மீன் செதிலும் நண்டு ஓடும் கலந்த, மீன் நாற்றம் அடிக்கிற எச்சம் கிடந்தால் நீர்நாய். அதே மணலில் வயிறு இழுத்த பட்டையும் நடுவில் வால் கோடும் தண்ணீருக்குள் இறங்கினால் முதலை. அங்கே துணி துவைக்க உட்காராதீர்கள்.

முள், கொம்பு எதுவும் வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் தடம் தேடிப் போகவும் கூடாது. நம் கொல்லை வரப்பும் பாதையுமே போதும்.

வாசலில் ஒரு மண் பட்டை

அப்பா போன பிறகு நான் சேர்த்துக்கொண்ட வழக்கம் இது. பாதை காட்டை ஒட்டுகிற இடத்திலும் ஏரிப்பக்கத் திருப்பத்திலும், மூன்றடி அகலத்துக்குக் கல்லைப் பொறுக்கிவிட்டு, சலித்த செம்மண் பரப்பி வைத்திருக்கிறேன். பொழுது சாய்வதற்குள் தென்னந்துடைப்பத்தால் ஒரே பக்கமாகப் பெருக்கிவிடுவேன். காலையில் துடைப்பக் கோட்டை எது கலைத்திருக்கிறது என்று பார்த்தால், ராத்திரி யார் வந்தார்கள் என்பது தெரிந்துவிடும். அதற்கு முந்தின நாளோடு குழப்பமே இல்லை. ஒரு நோட்டில் இரண்டே பத்தி: போனது, வந்தது. இரண்டும் சமமாக இருந்தால் பாதை நம்முடையது.

இன்று காலை ஏரிப்பக்கப் பட்டையில் மூன்று யானை கொல்லைப் பக்கம் போயிருந்தன. பெரியது ஒன்று, நடுத்தரம் இரண்டு. திரும்பின தடம் இரண்டுதான் இருந்தது, பெரியதைக் காணவில்லை. கீழ்க்கொட்டாய்க்கும் வனக்காவலருக்கும் போன் போட்டேன். பாலை வீட்டிலேயே உறை ஊற்றிவிட்டேன். மகள் சீருடையோடு திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் பாடம் படித்துக்கொண்டிருக்கிறாள். ஏரிப்பக்கம் இன்னும் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை.